நிலவு மண்ணுக்கு ஒரு கிரயம்: லக்சம்பர்க் விண்வெளி முகமை செய்யும் வேலை

நிலவில் ஒரு பிடி மண்ணை விலைக்கு வாங்க நாசா 2020 டிசம்பரில் நான்கு ஒப்பந்தங்களை அறிவித்தது. அதில் ஒன்றின் விலை 5,000 டாலர். விற்க ஒப்புக்கொண்டது லக்சம்பர்க்கில் பதிவான ஐஸ்பேஸ் யூரோப் என்ற நிறுவனம். மண்ணைப் பூமிக்குக் கொண்டுவரத் தேவையில்லை. நிலவில் எங்காவது 50 முதல் 500 கிராம் வரை அள்ள வேண்டும். அள்ளுவதையும் அள்ளியதையும் படமெடுத்து, இடத்தின் அடையாளத்தோடு அனுப்ப வேண்டும். மண் அங்கேயே கிடக்க, உரிமை மட்டும் நாசாவின் கைக்கு மாறும். பணம் மூன்று தவணை: கையெழுத்தானதும் 10 சதவீதம், ராக்கெட் கிளம்பியதும் 10 சதவீதம், உரிமை மாறியதும் மீதி 80 சதவீதம்.

இதைப் படித்ததிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. வாங்குபவர் யார், விலை என்ன என்பதெல்லாம் தெளிவு. விற்பவருக்கு அந்த மண் எப்படிச் சொந்தமானது? எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத நிலவில் அள்ளியதை விற்க அவருக்கு உரிமை கொடுத்தது யார்? பதில், 2,586 சதுர கிலோமீட்டர் பரப்பும் ஏழு லட்சத்துக்கும் குறைவான மக்களும் உள்ள லக்சம்பர்க் 2017-ல் போட்ட ஒரு சட்டம். அடுத்த ஆண்டு, 2018 செப்டம்பர் 12 அன்று, அந்த நாடு தனக்கென்று ஒரு விண்வெளி முகமையைப் பொருளாதார அமைச்சகத்தின் கீழ் தொடங்கியது. அதற்கு ராக்கெட் கிடையாது, ஏவுதளம் கிடையாது, விண்வெளி வீரர் குழு கிடையாது. அதைப் பற்றிப் பேசுபவர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்கிறார்கள்: வரிச்சலுகை நாட்டின் விளம்பர வேலை என்பவர்கள் ஒரு பக்கம், தொலைநோக்கு என்று கொண்டாடுபவர்கள் மறுபக்கம். இருவருமே அந்த முகமை தினமும் என்ன செய்கிறது என்று பார்ப்பதில்லை என்பது என் எண்ணம். அனுமதி, ஒப்பந்தம், செலவில் ஒரு பகுதிக்கு உதவிப் பணம் என்று அதன் வேலை முழுக்கக் காகிதத்தில் நடக்கிறது. அந்தக் காகிதத்தின் தரம்தான் ஒரு ரோவரின் தரத்தைப் போலவே பரிசோதிக்கப்பட வேண்டியது.

45 வாட்டில் தொடங்கியது

காகிதத்தின் வழியே விண்வெளிக்குள் நுழையும் இந்தப் பழக்கம் 2018-ல் வந்ததல்ல. 1977-ல் நடந்த உலக வானொலி மாநாடு ஒவ்வொரு ஐரோப்பிய நாட்டுக்கும் செயற்கைக்கோள் தொலைக்காட்சிக்கென ஐந்து சேனல்கள் ஒதுக்கியது. வீட்டு ஆன்டெனாவில் நேரடியாகப் பிடிக்க வேண்டுமானால் செயற்கைக்கோள் 200 வாட்டுக்கும் மேலான சக்தியில் ஒளிபரப்ப வேண்டும் என்பது அன்றைய கணக்கு. அன்றைய ரிசீவர்களில் இரைச்சல் அவ்வளவு அதிகம். பிரான்சும் ஜெர்மனியும் அந்தக் கணக்கின்படியே கட்டின. ஜெர்மனியின் டிவி-சாட் 1, 1987-ல் மேலே போனதும் சூரியத் தகடு விரியாமல் வீணானது. பிரான்சின் டிடிஎஃப்-1, சிக்னலைப் பெருக்கும் 230 வாட் குழாய்களோடு 1988-ல் போனது. குழாய்கள் ஒவ்வொன்றாகப் பழுதாயின.

லக்சம்பர்க்கில் 1985 மார்ச்சில் உருவான செயற்கைக்கோள் நிறுவனமான எஸ்இஎஸ் வேறு வழியில் போனது. 1980-களின் நடுவில் ரிசீவரின் முன்பகுதியில் வரும் டிரான்சிஸ்டர்கள் நன்றாகத் தேறிவிட்டன. இரைச்சல் குறைந்ததால் மெலிந்த சிக்னலும் படமாக மாறும். ஆகவே அது சேனல் ஒன்றுக்கு 45 வாட் போதும் என்று முடிவெடுத்தது. சக்தி குறைந்தால் அதே செயற்கைக்கோளில் அதிகச் சேனல்கள் ஏற்றலாம். 1988 டிசம்பர் 11 அன்று தென் அமெரிக்காவில் உள்ள கூரு ஏவுதளத்திலிருந்து ஏரியான் 4 ராக்கெட்டில் போன அதன் அஸ்ட்ரா 1ஏ-வில் 16 சேனல்கள் இருந்தன. சிக்னல் பலமாக விழும் பகுதிகளில் 60 சென்டிமீட்டர் தட்டு ஆன்டெனாவே போதுமானதாக இருந்தது.

அதைவிட முக்கியம் அலைவரிசை. தொலைக்காட்சிக்கென்று ஒதுக்கிய பட்டையை விட்டுவிட்டு, தொலைத்தொடர்புக்கென்று இருந்த பட்டையில் அஸ்ட்ரா ஒளிபரப்பியது. அங்கே ஐந்து சேனல் வரம்பு இல்லை. ஐரோப்பிய நாடுகளின் கூட்டுச் செயற்கைக்கோள் அமைப்பான யூடெல்சாட் எதிர்த்தது, அண்டை நாடுகளின் தபால்-தந்தி நிர்வாகங்கள் முணுமுணுத்தன, லக்சம்பர்க் அரசு பின்வாங்கவில்லை. தொழில்நுட்பத்தின் எல்லை நகர்ந்துவிட்டது, விதி இன்னும் பழைய இடத்திலேயே நிற்கிறது. அந்த இடைவெளியில் முதலில் போய் நிற்பது என்பதுதான் அந்த நாட்டின் முறை. இன்றும் எஸ்இஎஸ்-ஸில் மூன்றில் ஒரு பங்கு வாக்குரிமை அரசின் கையில் இருக்கிறது. 2025 ஜூலையில் அந்த நிறுவனம் இன்னொரு பெரிய செயற்கைக்கோள் நிறுவனமான இன்டெல்சாட்டையே வாங்கிவிட்டது.

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனவை

லக்சம்பர்க்கின் சிறிய செயற்கைக்கோள்களில் சில நம் பக்கத்திலிருந்தே கிளம்பின. 2011 அக்டோபர் 12 அன்று பிஎஸ்எல்வி-சி18 ஏந்திச் சென்றவற்றில் மேகா-டிராபிக்ஸ், கான்பூர் ஐஐடியின் ஜுக்னு, காட்டாங்குளத்தூர் எஸ்ஆர்எம் மாணவர்களின் எஸ்ஆர்எம்சாட் ஆகியவை நம் ஊர்க்காரர்களுக்கு நினைவிருக்கும். நான்காவது வெசல்சாட்-1. லக்சம்பர்க்கின் பெட்ஸ்டார்ஃப் ஊரில் லக்ஸ்ஸ்பேஸ் நிறுவனம் கட்டிய, சுமார் 29 கிலோ எடையுள்ள பெட்டி. அதன் வேலை கப்பல்களை எண்ணுவது.

கப்பல்கள் 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸ் ஆகிய இரண்டு அலைவரிசைகளில் தங்கள் அடையாள எண், இடம், வேகம், திசை ஆகியவற்றைச் சில வினாடிகளுக்கு ஒருமுறை அறிவித்துக்கொண்டே போகும். ஒவ்வொரு அலைவரிசையிலும் ஒரு நிமிடம் 2,250 துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரு துண்டு 26.67 மில்லிவினாடி. ஒன்றையொன்று கேட்கும் தூரத்தில் உள்ள கப்பல்கள் இந்தத் துண்டுகளைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளும். கடல்மட்டத்தில் அந்தத் தூரம் சில பத்துக் கடல்மைல்தான் என்பதால் சிக்கல் இல்லை. சுமார் 860 கிலோமீட்டர் உயரத்திலிருந்து கேட்டால் கதையே வேறு. அங்கிருந்து தெரியும் வட்டத்தின் குறுக்களவு 6,000 கிலோமீட்டருக்கும் மேல். ஒன்றுக்கொன்று இருப்பதே தெரியாத நூற்றுக்கணக்கான கப்பல் கூட்டங்கள் ஒரே துண்டில் பேசுகின்றன. எல்லாம் ஒரே ஆன்டெனாவில் வந்து மோதுகின்றன. தூரத்துக் கப்பலின் சிக்னல் தாமதமாக வருவதால் அடுத்த துண்டின் மேலும் ஏறிவிடும்.

இதைப் பிரித்தெடுக்க உதவுவது செயற்கைக்கோளின் வேகம். முன்னால் உள்ள கப்பலின் அலைவரிசை மூன்றரை கிலோஹெர்ட்ஸ் வரை கூடியும் பின்னால் உள்ளது அதே அளவு குறைந்தும் கேட்கும் என்பதால், மோதிய செய்திகளில் சிலவற்றை அந்த வித்தியாசத்தைக் கொண்டு தனித்தனியே மீட்கலாம். வெசல்சாட்-1 நிலநடுக்கோட்டுக்கு 20 பாகை சாய்வான பாதையில் சுற்றியதால், இலங்கைக்குத் தெற்கே போகும் கப்பல் பாதையும் மலாக்கா நீரிணையும் மீண்டும் மீண்டும் அதன் பார்வையில் பட்டன. எத்தனை முறை கேட்கிறோமோ அத்தனை முறை விட்டதைப் பிடிக்க வாய்ப்பு. விண்ணிலிருந்து கேட்பதற்கென்றே குட்டையான ஒரு செய்தி வடிவமும் தனி அலைவரிசைகளும் பிறகு சர்வதேச விதியில் சேர்ந்தன. மோதல் என்ற இயற்பியல் சிக்கலுக்குக் கடைசியில் ஒரு விதிப்புத்தகத் திருத்தம் மருந்தானது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

அடுத்து 2020 நவம்பர் 7 அன்று பிஎஸ்எல்வி-சி49-ல் கிளியோஸ் நிறுவனத்தின் நான்கு செயற்கைக்கோள்கள் போயின. நான்கும் ஒரே ரேடியோ சிக்னலைக் கேட்டு, அது ஒவ்வொன்றுக்கும் வந்து சேர்ந்த நேர வித்தியாசத்தை வைத்து, தன் இடத்தை மறைக்கும் கப்பலைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒளி ஒரு மைக்ரோவினாடியில் 300 மீட்டர் போகும். கடிகாரங்கள் அந்த அளவு பிசகினாலே கணக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளிப்போகும். நான்கும் ஒன்றுக்கொன்று எங்கே இருக்கின்றன என்பதும் துல்லியமாகத் தெரிய வேண்டும். இதையெல்லாம் சரிசெய்து விற்கத்தக்க தகவலாக்க நாளாகும், அந்த நாட்களுக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும். 2023-ல் கிளியோஸ் திவாலானது. சிறு விண்வெளி நிறுவனங்கள் பெரும்பாலும் கருவி கெட்டுச் சாவதில்லை. கருவி சரியாகும் முன் பணம் தீர்ந்து சாகின்றன.

2018-ன் ஏழு வாரங்கள்

முகமையைப் புரிந்துகொள்ள நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது 2018-ன் கடைசிப் பகுதியில்தான். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, எட்டியென் ஷ்னைடர் பொருளாதார அமைச்சராக இருந்தபோது, சிறுகோள்களில் நீர் எடுக்கப் போவதாகச் சொன்ன அமெரிக்க நிறுவனம் பிளானட்டரி ரிசோர்சஸுடன் லக்சம்பர்க் 2.5 கோடி யூரோ உடன்பாடு செய்துகொண்டது. அதில் சுமார் 1.2 கோடி யூரோவை அரசின் முதலீட்டு வங்கியான எஸ்என்சிஐ நேரடியாகப் பங்கில் போட்டது. அந்த நிறுவனத்தின் ஆர்கிட்-6 என்ற சோதனைச் செயற்கைக்கோள் 2018 ஜனவரியில் பிஎஸ்எல்வி-சி40-ல், அதுவும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, போனது. நீர் இருக்கும் இடத்தை அகச்சிவப்பில் பார்க்கும் கருவி அதில் இருந்தது. ஆனால் எதிர்பார்த்த முதலீடு வராமல் ஆட்குறைப்பு தொடங்கிவிட்டது. செப்டம்பர் 12-ல் லக்சம்பர்க் விண்வெளி முகமை பிறந்தது. அக்டோபர் 31-ல் பிளானட்டரி ரிசோர்சஸ், பிளாக்செயின் நிறுவனமான கன்சென்சிஸின் கைக்குப் போனது. லக்சம்பர்க்கின் பங்குப் பணம் போனது போனதுதான்.

கேலி செய்தவர்கள் இதைச் சிறுகோள் கனவின் முடிவு என்றார்கள். அவர்கள் சொன்னதில் பாதி சரி: விண்வெளியில் நீரை எடுத்தாலும் அதை அங்கே வாங்க ஒரு வாடிக்கையாளர்கூட அன்று இல்லை. ஆனால் எனக்குப் பெரிய பிழையாகத் தெரிவது வேறு. அனுமதி கொடுக்க வேண்டிய அரசே அனுமதி கேட்கும் நிறுவனத்தில் பங்குதாரராக உட்கார்ந்திருந்தது. அந்த நிறுவனம் தோற்றால் பணமும் போகும், சட்டத்தின் மானமும் போகும். பிறகு வந்த ஏற்பாடுகள் இதிலிருந்து விலகியதை நான் வரவேற்கிறேன். பங்கு முதலீட்டுக்கு ஆர்பிட்டல் வென்ச்சர்ஸ் என்ற நிதியம் வந்தது. அதில் அரசோடு தனியாரும் பணம் போட்டார்கள், நிர்வாகம் வெளியாரிடம். ஆராய்ச்சிப் பணத்துக்கு லக்ஸ்இம்பல்ஸ் திட்டம்: பணம் லக்சம்பர்க்குடையது, ஒப்பந்தத்தை நடத்துவது ஐரோப்பிய விண்வெளி முகமையான ஈசா. நிறுவனம் தன் யோசனையை முதலில் சுருக்கமாகவும் பிறகு முழு முன்மொழிவாகவும் கொடுக்கும்; ஈசாவின் பொறியாளர்கள் மதிப்பிடுவார்கள்; வேலை கட்டம் கட்டமாக முடிய முடியப் பணம் வரும்; தன் பங்குச் செலவை நிறுவனமும் போட வேண்டும். ஏழு லட்சம் பேர் உள்ள நாட்டில் உந்துவிசை, வெப்பக் கட்டுப்பாடு, மென்பொருள் என்று எல்லாவற்றுக்கும் தனித்தனி நிபுணர்களைச் சம்பளத்துக்கு வைக்க முடியாது. 2005-ல் சேர்ந்த ஈசாவின் நிபுணர்களையே பரிசோதகராகப் பயன்படுத்திக்கொள்வது கெட்டிக்காரத்தனம்.

சட்டத்துக்கு வருவோம். 2017 ஜூலை 20 தேதியிட்ட அந்தச் சட்டத்தின் முதல் பிரிவு ஒரே வரி: விண்வெளி வளங்கள் உரிமையாக்கிக்கொள்ளத் தக்கவை. பெரும்பாலோர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். மீதிப் பிரிவுகள்தான் வேலை செய்யும் பகுதி. எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் யாரும் வளங்களைத் தேடவோ பயன்படுத்தவோ கூடாது. விண்ணப்பிப்பது லக்சம்பர்க்கில் பதிவு அலுவலகம் உள்ள நிறுவனமாக இருக்க வேண்டும்; பேருக்கு ஒரு முகவரி போதாது, உண்மையான நிர்வாகமும் அங்கேயே நடக்க வேண்டும். பத்து சதவீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருப்பவர்கள் யார் என்று சொல்ல வேண்டும். அபாய மதிப்பீடு, அதற்கு ஈடான நிதி அல்லது காப்பீடு, ஆண்டுத் தணிக்கை எல்லாம் உண்டு. விண்ணப்பக் கட்டணம் 5,000 முதல் 5 லட்சம் யூரோ வரை. அனுமதியில்லாமல் செய்தால் எட்டு நாள் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை, 12.5 லட்சம் யூரோ வரை அபராதம். ஏற்படும் சேதத்துக்கு முழுப் பொறுப்பும் நிறுவனத்துடையது. 2015-ல் அமெரிக்கா போட்ட சட்டம் தன் குடிமக்களுக்கும் அமெரிக்க நிறுவனங்களுக்கும் மட்டும். லக்சம்பர்க் சட்டம் முதலாளியின் நாட்டைப் பார்ப்பதில்லை. ஜப்பானிய ஐஸ்பேஸின் அங்குள்ள கிளையான ஐஸ்பேஸ் யூரோப் அனுமதி கேட்க முடிந்ததும் இதனால்தான்.

1967 விண்வெளி ஒப்பந்தத்தின் இரண்டாவது பிரிவு எந்த நாடும் நிலவைத் தனதாக்கிக்கொள்ளக் கூடாது என்கிறது. சட்டத்தின் ஆதரவாளர்கள் இதற்கு நடுக்கடலைக் காட்டுகிறார்கள்: கடல் யாருக்கும் சொந்தமில்லை, பிடித்த மீன் பிடித்தவருக்குச் சொந்தம். வாதம் வலுவானதுதான், முழுமையானதல்ல. மீன் மறுபடி பெருகும், நிலவின் துருவப் பள்ளங்களில் உறைந்துகிடக்கும் நீர் அப்படிப் பெருகாது. அள்ளப்படாமல் அங்கேயே கிடக்கும் வளங்களும் யாருடைய சொத்தும் ஆகாது என்று சொல்லும் 1979 நிலவு உடன்படிக்கையில் லக்சம்பர்க் இல்லை. எல்லையை ஒட்டிய பெல்ஜியமும், அதை அடுத்த நெதர்லாந்தும் அதில் உறுப்பினர்கள். இந்தியா கையெழுத்திட்டது, உறுதி செய்யவில்லை.

மண்வெட்டி

அனுமதிக் காகிதம் கடைசியில் ஒரு மண்வெட்டியில் போய் முடிந்தது. ஐஸ்பேஸ் யூரோப் லக்சம்பர்க்கில் கட்டிய டெனேஷியஸ் ரோவரின் எடை ஐந்து கிலோ. உயரம் 26 சென்டிமீட்டர், அகலம் 31.5, நீளம் 54. கார்பன் இழை உடல், நான்கு சக்கரம், முன்னால் ஒரு கேமரா, சுவீடனின் சுரங்கக் கருவி நிறுவனம் எபிராக் கொடுத்த சிறு மண்வெட்டி. மண்ணை அள்ளி, கேமராவுக்கு முன் காட்டி, படம் அனுப்பினால் கிரயம் முடிந்தது. செலவில் ஒரு பகுதியை லக்ஸ்இம்பல்ஸ் ஏற்றது. ஐந்து கிலோ ரோவரில் பூமியோடு நேரடியாகப் பேசும் ரேடியோவுக்கு இடமும் மின்சாரமும் இருக்காது. எல்லாப் பேச்சும் அதை நிலவில் இறக்கும் லேண்டர் வழியாகத்தான். லேண்டர் போனால் ரோவரும் போனது.

போயேவிட்டது. 2025 ஜனவரி 15 அன்று ஃபால்கன் 9 ராக்கெட்டில் கிளம்பிய ஐஸ்பேஸின் ரெசிலியன்ஸ் லேண்டர், ஜூன் மாதம் மாரே ஃப்ரிகோரிஸ் சமவெளியில் இறங்கும்போது உயரத்தை அளக்கும் லேசர் கருவி சரியான அளவை நேரத்தில் தரவில்லை. மூன்று கிலோமீட்டருக்கு மேலேயே வந்திருக்க வேண்டிய முதல் அளவு, ஒரு கிலோமீட்டருக்கும் கீழே வந்த பிறகே கிடைத்தது. வேகத்தைக் குறைக்க வேண்டிய தூரம் அதற்குள் தீர்ந்துவிட்டது. 2023 ஏப்ரலில் இதே நிறுவனத்தின் முதல் லேண்டர் நேர் எதிரான பிழையில் விழுந்தது. அட்லஸ் பள்ளத்தின் விளிம்பைத் தாண்டியதும் தரை திடீரென்று சுமார் மூன்று கிலோமீட்டர் கீழே போனது. கருவி அதைச் சரியாகவே அளந்தது. மென்பொருள், கருவிதான் கெட்டுவிட்டது என்று அந்த அளவை ஒதுக்கியது. தரைக்கு வந்துவிட்டதாக நினைத்து ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் எரிபொருள் தீரும்வரை மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. ஒருமுறை நல்ல கருவியை மென்பொருள் நம்பவில்லை, மறுமுறை நம்பத் தகுந்த அளவைக் கருவி தரவில்லை.

மற்ற மூன்று ஒப்பந்தங்களும் இதேபோல்தான். ஜப்பான் ஐஸ்பேஸின் ஒப்பந்தம் 2023 லேண்டரோடு போனது. மூன்றாவது நிறுவனமான மாஸ்டன் 2022-ல் திவால். ஒரு டாலருக்கு ஒப்புக்கொண்ட லூனார் அவுட்போஸ்டின் ரோவர், 2025 மார்ச்சில் அதைச் சுமந்த லேண்டர் சாய்ந்து விழுந்ததால் வெளியே வரவே முடியவில்லை. நான்கில் ஒன்றில்கூட மண் அள்ளப்படவில்லை.

இதை வைத்துச் சட்டமே வீண் என்று சொல்ல மாட்டேன். ஒரு தனியார் ரோவருக்கு என்ன ஆவணம் கேட்பது, அபாயத்தை எப்படி மதிப்பிடுவது, உரிமை மாறியதற்கு எது சான்று என்பதையெல்லாம் வெற்றுக் காகிதத்தில் இல்லாமல் ஓர் உண்மையான பயணத்தை வைத்து முகமையின் அதிகாரிகள் ஒருமுறை பார்த்துவிட்டார்கள். ஆனால் சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை அப்படியே இருக்கிறது. ஒரே இடத்தை இரண்டு நிறுவனங்கள் கேட்டால் யாருக்கு முன்னுரிமை என்று அது சொல்வதில்லை. நிலவின் தென்துருவத்தில் வெயில் நீண்டநாள் விழும் முகடுகள் குறுகலானவை. பக்கத்திலேயே உறைநீர் இருக்கக்கூடிய நிழல் பள்ளங்கள். எல்லோரும் அங்கேதான் போகப் பார்க்கிறார்கள். ஒருவர் இறங்கும்போது கிளம்பும் தூசி, வளிமண்டலம் இல்லாததால், வெகுதூரம் பறந்து அடுத்தவர் கேமராவையும் சூரியத் தகட்டையும் தேய்க்கும். 2020 அக்டோபரில் லக்சம்பர்க் கையெழுத்திட்ட, நிலவுப் பயணங்களுக்கு அமெரிக்கா முன்னெடுத்த ஆர்ட்டெமிஸ் உடன்பாடு இதற்குப் ‘பாதுகாப்பு வளையம்’ என்ற ஏற்பாட்டைச் சொல்கிறது. வளையத்தின் அளவை இயங்குபவரே தீர்மானிக்கலாம். அது போதாது. அனுமதி கேட்கும்போதே வேலை செய்யும் இடம், காலம், இறங்கும் பாதை, தூசி போகும் தூரம் ஆகியவற்றை நிறுவனம் எழுதிக் கொடுக்க வேண்டும். முகமை அதை எல்லோரும் பார்க்கும் பதிவேட்டில் வைக்க வேண்டும். குறித்த காலத்தில் வேலை தொடங்காவிட்டால் பதிவு ரத்தாக வேண்டும். அடுத்த ரோவர் கிளம்புவதற்கு முன்பே லக்சம்பர்க் இதைச் செய்ய முடியும். அதற்கு ராக்கெட் தேவையில்லை, அந்த முகமைக்கு நன்றாகத் தெரிந்த காகித வேலைதான் தேவை.